ஏப்ரல் கடைசியில் 10 கி.மீ. ஓட்டம்: சேலம் வெயிலுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

மூக்கனேரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஏப்ரல் கடைசி ஞாயிறு ஓர் ஓட்டம் நடத்துகிறது. 5 கி.மீ., 10 கி.மீ. என்று இரண்டு பிரிவு. அஸ்தம்பட்டியில் தொடங்கி கோரிமேடு வரை போய், கன்னங்குறிச்சி வழியாக மூக்கனேரிக் கரையில் முடிகிறது. முன்னூறு பேர் வரலாம். பாதிப் பேர் இதற்கு முன் ஓடியதே இல்லை.

டீ-ஷர்ட், மெடல், பொங்கல்-வடை எல்லாம் பேசி முடித்தாயிற்று. காலை 6:30க்குக் கொடியசைப்பு. "மருத்துவ ஏற்பாடு" என்ற தலைப்பில் ஓர் ஆம்புலன்ஸ், இரண்டு பெட்டி குளுக்கோஸ் என்று எழுதி வைத்திருக்கிறோம். இது போதுமா? வேறு என்ன வேண்டும்? நடத்தி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளிப்பட்டறை

போதும் சார். ரொம்ப யோசிக்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் உலை முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கும் தூக்குகிறார்கள். காலை ஆறரைக்கு ஒரு மணி நேரம் ஓடுவதற்கு இவ்வளவு பயமா? தண்ணீர் வையுங்கள், மோர் வையுங்கள், முடிந்தது.

இருபதாம் வளைவு

ஏற்காட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கீழே 278 மீட்டர், இங்கே 1,500 மீட்டருக்கு மேல். பெரும்பாலும் ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஏரியைச் சுற்றி ஓடி, பகோடா பாயின்ட் பக்கம் போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டர் தாராளமாக வரும்.

காக்கிக் கனவு

அடிவாரத்திலிருந்து மேலே ஏறுகிற மாதிரி வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் அண்ணா! இருபது கொண்டை ஊசி வளைவு, செம சவால். நான் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறேன். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். எடை குறைய மதியம் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடிப் பழகுகிறேன், அதனால் வெயில் எனக்குப் பழக்கம்தான்.

வார்டு அக்கா

தம்பி, முதலில் அந்த ரெயின்கோட்டைக் கழற்றி வை. அதில் குறைவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதை பிளாஸ்டிக்கால் மூடிக்கொண்டு ஓடினால் சூடு வெளியேற வழியே இல்லை.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். மூக்கனேரி சார் கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன்: போதாது. ஆம்புலன்ஸ் வேண்டும்தான், ஆனால் உயிரைக் காப்பது ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் நடக்கிற வேலை.

ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் மாறுகிறது. மூட்டை தூக்குகிற அண்ணன் நடுவில் நிழலில் உட்கார்வார், பீடி பற்றவைப்பார், தன் வேகத்துக்கு வேலை செய்வார். அதைவிட, அவர் உடம்பு பல வருடமாக வெயிலுக்குப் பழகியது. ஏசி அறையில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரை முந்த வேண்டும் என்று ஓடுகிறவருக்கு அந்தப் பழக்கமும் இல்லை, நிற்கிற எண்ணமும் இல்லை. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், தினம் கொஞ்சம் கொஞ்சமாக.

உடம்பின் உள்சூடு 40 டிகிரிக்கு மேல் போய், அதோடு புத்தி தடுமாறினால் அதுதான் வெப்பத் தாக்கு. பாடப் புத்தகத்தில் "தோல் காய்ந்திருக்கும்" என்று போட்டிருக்கும். வீட்டுக்குள் புழுங்கிப்போகிற வயதானவர்களுக்கு அது சரி. ஓடுகிறவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும்போதும் வரும். தோலைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். கோணல் மாணலாக ஓடுவார். "அண்ணா, கொஞ்சம் உட்காருங்க" என்றால் எரிந்து விழுவார். இது எந்த இடம் என்று கேட்டால் வேறு ஏதோ சொல்வார். அதற்குப் பிறகு அவரைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

வெள்ளிப்பட்டறை

சரி, அப்படியே ஒருவர் விழுந்தார் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதானே? சேலத்தில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?

வார்டு அக்கா

அங்கேதான் நேரம் போய்விடுகிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். தாண்டினால் சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாக அடிவாங்கும். ஞாயிறு காலை என்றாலும் கூட்டத்துக்குள் ஸ்ட்ரெச்சர் வந்து, ஏற்றி, அவசர வாசலில் இறக்கி, சீட்டு போட்டு, அதற்குப் பிறகுதான் ஐஸ் தேடுவார்கள். அரை மணி எங்கே இருக்கிறது? அதனால் முதலில் அங்கேயே குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். 108க்கு உடனே போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீரில் போட்டுக் குளிர்வியுங்கள்.

அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஓர் ஓட்டம் நடக்கிறது. 11 கி.மீ. சொச்சம்தான், மாரத்தான் இல்லை. 18 வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வெப்பத் தாக்கு வந்தவர்கள் 274 பேர். ஒருவர்கூடச் சாகவில்லை. முடிவுக் கோட்டில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி வைத்து, விழுந்தவரை உடனே கழுத்தளவு முக்கினார்கள், அவ்வளவுதான் ரகசியம். "வெறும் பத்து கிலோமீட்டர்தானே" என்கிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. தூரம் குறையக் குறைய வேகம் கூடுகிறது, சூடும் கூடுகிறது.

மூக்கனேரிக்காரன்

அக்கா, தொட்டிக்கு எங்கே போவது? எங்களிடம் மீதி இருக்கிற பணம் பதினைந்தாயிரம் சுமார்.

வார்டு அக்கா

தொட்டி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு தார்ப்பாய் போதும். இதை முதல் நாளே ஒருவரைப் படுக்கவைத்துச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

தார்ப்பாயை நிழலில் விரித்து, ஆளை நடுவில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஷூவையும் மேல்சட்டையையும் கழற்றிவிடுங்கள், முடிச்சு விழுந்திருந்தால் கத்தரியால் வெட்டுங்கள். நாலு மூலைக்கும் பக்கவாட்டுக்கும் ஆறு பேர் நின்று ஓரத்தைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. ஐஸ் உடைத்துப் போட்ட தண்ணீரை ட்ரம்மிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் இறக்கி, தண்ணீர் உடம்பின் மேல் அலைந்துகொண்டே இருக்கும்படி ஆட்ட வேண்டும். சும்மா நின்றால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகிவிடும். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தலையை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையில் ஈரத்துண்டு.

நெற்றியில் வைக்கிற தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், தோல் நனைந்திருக்கும்போது குறைத்துத்தான் காட்டும். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான அளவு, அது மருத்துவர் இருந்தால் மட்டும். இல்லையென்றால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் குளிர்வியுங்கள். உடம்பு நடுங்க ஆரம்பித்து, பேச்சு தெளிந்தால் எடுத்துவிடலாம். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் அனுப்புங்கள், "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: விழுந்தவருக்கு மூச்சு இல்லை என்றால் அது இதயம். ஐஸ், தார்ப்பாய் எல்லாம் வேண்டாம், உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் தலைசுற்றிச் சாய்கிறவர்கள் வேறு ரகம். சட்டென்று நின்றதால் ரத்தம் காலிலேயே தங்கியிருக்கும். காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். அவர்கள் தெளிவாகப் பேசுவார்கள்.

பாரசிட்டமால் யாரும் கொடுத்துவிடாதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது.

ஐந்துரோடு அப்பா

ரொம்ப உபயோகமான பதிவு அக்கா. என் மகளும் 5 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிறவன், கூடவே நடக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டிலிருந்தே தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்கிறார்களே?

வார்டு அக்கா

அப்பா, பிரஷர் மாத்திரையில் நீர் பிரிகிற மாத்திரை சேர்ந்திருந்தால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். அந்த வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் யாராக இருந்தாலும் ஓட வேண்டாம். சளி மாத்திரை, வலி மாத்திரை போட்டுக்கொண்டும் ஓட வேண்டாம். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுவிட்டு ஓடுவது இந்த ஊரில் ரொம்ப சகஜம், சிறுநீரகத்துக்கு அது கெடுதல்.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு உப்பு அளவு குறைந்திருந்தது. முக்கியக் காரணம், ஓடும்போது தேவைக்கு மேல் குடித்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று குடிக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். இதிலும் வாந்தி, குழப்பம் எல்லாம் உண்டு, அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் ஆபத்து.

நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள், அருமையான பானம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம்தான் அதிகம். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் ஒரு லிட்டருக்குக் கரைக்கிற பாக்கெட்டாக, உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் சர்க்கரைத் தண்ணீரை அட்டைப் பெட்டியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்றது.

திருமணிமுத்தாறு

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எல்லோரும் வெயிலை மட்டும் பேசுகிறீர்கள், ஈரப்பதத்தை விட்டுவிட்டீர்கள். காலை ஆறு மணிக்குக் குளுமையாகத் தெரியும், ஆனால் அப்போதுதான் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. ஓட்டம் நடத்துகிறவர்கள் பார்க்க வேண்டியது வெட் பல்ப் குளோப் வெப்பநிலை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டரில் 20 சதவீதம், நிழலில் சாதாரண தெர்மாமீட்டரில் 10 சதவீதம், மூன்றையும் கூட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு விடிவதற்கு முன் 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 25 பக்கம் வரும். எட்டு மணிக்கு 31 டிகிரி, ஈரப்பதம் 60, நல்ல வெயில் என்றால் 28ஐத் தாண்டிவிடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பின் பழைய வழிகாட்டலில் 28க்கு மேல் போனால் ஓட்டத்தை நடத்தாதே என்றுதான் இருக்கிறது. அந்தக் கணக்கு அவர்கள் ஊர்க்காரர்களுக்குப் போட்டது, வெயிலுக்குப் பழகிய நம் ஆட்கள் கொஞ்சம் கூடத் தாங்கலாம். ஆனால் ஓட வரப்போகிற பாதிப் பேர் ஓடிப் பழகாதவர்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இப்போது உங்கள் அட்டவணையைப் பாருங்கள். 6:30 என்று போட்டிருக்கிறீர்கள். கொடியசைக்க வருகிறவர் 7:10க்கு வருவார், பொன்னாடை, இரண்டு நிமிடப் பேச்சு, 7:20. மெதுவாக ஓடுகிறவருக்குப் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். அவர் மூக்கனேரிக் கரைக்கு வரும்போது மணி 8:50. வெயிலில் அதிக நேரம் இருக்கப்போவது யாருக்கு அனுபவம் குறைவோ அவர்தான்.

மலைக் காப்பி

சரியாகச் சொன்னீர்கள் சார். விருந்தினருக்காகக் காத்திருக்கும்போது மேடையில் ஸ்பீக்கர் வைத்து எல்லோரையும் குதிக்கவைப்பார்கள். தொடங்குவதற்கு முன்பே பாதி வியர்வை போய்விடும்.

காட் ரோட்டில் வைக்கச் சொன்ன தம்பிக்கு: வேண்டாம். நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறேன், இந்தப் பாதையில் சைக்கிளும் ஓட்டமும் பழக்கம். மேலே குளிர் என்பது மேலே போய்ச் சேர்ந்தவனுக்கு. கீழ் வளைவுகள் சேலத்துச் சூட்டிலேயே இருக்கின்றன. ஏற்றத்தில் உழைப்பு இரட்டிப்பு, வேகம் பாதி, அதனால் முகத்தில் காற்றும் அடிக்காது. வழியில் ஒருவர் விழுந்தால் வண்டி வளைவு வளைவாக ஏறி வர வேண்டும், சில இடத்தில் போன் சிக்னலும் எடுக்காது. விடியற்காலையில் காட்டெருமை ரோட்டைக் கடக்கும், அதற்கு உங்கள் சட்டையில் குத்தியிருக்கிற ஓட்ட நம்பர் தெரியாது.

மேலே ஏரிப் பக்கம் வைப்பது வேறு விஷயம், அது நல்ல யோசனைதான். ஆனால் மலையில் நிழல் விட்டு வெளியே வந்தால் புற ஊதாக் கதிர் கீழைவிட அதிகம், தொப்பி வேண்டும். மே மாதம் கோடை விழாக் கூட்டம் வந்துவிட்டால் ரோட்டில் நடக்கவே இடம் இருக்காது. அப்புறம் ஓடி முடித்த கையோடு பைக்கில் கீழே இறங்குகிறவர்கள் மதிய வெயிலுக்குள் இறங்குகிறார்கள், அதையும் யோசிக்க வேண்டும்.

இருபதாம் வளைவு

காட்டெருமை விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனாலும் ஏப்ரலுக்கு ஏற்காடுதான், சேலம் என்றால் டிசம்பர், ஜனவரி. ஏன் ஏப்ரல்தான் வேண்டும் என்று பிடிவாதம்?

மூக்கனேரிக்காரன்

பள்ளித் தேர்வு முடிந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள், அனுமதியும் அந்தத் தேதிக்குத்தான் வாங்கியிருக்கிறோம். அடுத்த வருடம் மாற்றலாம். இந்த வருடம் இதை எப்படிப் பத்திரமாக நடத்துவது என்று சொல்லுங்கள்.

காக்கிக் கனவு

ரெயின்கோட்டை விட்டுவிட்டேன் அக்கா 🙂 ஒரு சந்தேகம். 2024இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு ஓட்டத்தில் நிறையப் பேர் இறந்தார்களே, அதுவும் இதுதானா?

வார்டு அக்கா

பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடச் சொன்ன தேர்வு. பத்துக்கும் மேற்பட்ட பையன்கள் போனார்கள். ஒவ்வொருவருக்கும் காரணம் இதுதான் என்று இங்கே இருந்துகொண்டு சொல்ல முடியாது தம்பி. ஆனால் அதற்குப் பிறகு அந்த அரசே காலை ஒன்பது மணிக்கு மேல் ஓடவைக்கக் கூடாது என்று சொன்னது. நம் மெரினாவில் அதே வருடம் அக்டோபரில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் ஓடக்கூட இல்லை. அந்த மாதம்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்தால் ஓட்டத்தை நிறுத்த யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

திருமணிமுத்தாறு

நிறுத்துவது யார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அன்று காலை மேடையில் ஐந்து பேர் கூடி விவாதித்தால் யாரும் நிறுத்தமாட்டார்கள், ஸ்பான்சர் முகத்தைப் பார்ப்பார்கள். 2007இல் வெயிலால் சிகாகோ மாரத்தானையே பாதியில் நிறுத்தினார்கள். அது அக்டோபர் மாதம், அந்த ஊரில் குளிரத் தொடங்குகிற நேரம். அவர்களுக்கு வெட்கமாக இல்லையென்றால் நமக்கு என்ன?

மூக்கனேரிக்காரன்

நேற்று இரவு சங்கத்தில் உட்கார்ந்து பேசினோம். கொஞ்சம் சத்தமும் ஆயிற்று. முடிவானவை:

ஓட்டம் 5:30க்குத் தொடங்கும். இருட்டாக இருக்கும், அதனால் கோரிமேடு வரை தெருவிளக்குகளைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறோம். 7:15க்கு மேல் பாதையில் இருப்பவர்களைப் பின்னால் வருகிற வேனில் ஏற்றிவிடுவோம், மெடல் அவர்களுக்கும் உண்டு. பத்து கிலோமீட்டருக்கு வேகப் பரிசு இல்லை, பரிசுப் பணத்தை எடுத்து ஐஸுக்குப் போட்டுவிட்டோம். இதில்தான் சத்தம் வந்தது. நிறுத்தும் அதிகாரம் பகுதி மருத்துவர் ஒருவருக்கு, அவர் சொன்னால் தலைவரும் மறுபேச்சு பேசக் கூடாது என்று மினிட்ஸில் எழுதியாயிற்று. டீ-ஷர்ட் வாங்கிவிட்டோம், நெஞ்சு முழுக்க பிளாஸ்டிக் மாதிரி பிரின்ட். ஓடும்போது போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று அறிவிக்கிறோம்.

வார்டு அக்கா

வேகப் பரிசை எடுத்தது நல்ல வேலை சார். ஏழாவது கிலோமீட்டரில் ஒரு தார்ப்பாய், முடிவில் ஒரு தொட்டி, இரண்டு இடத்திலும் ட்ரம்மில் தண்ணீரும் ஐஸும் 5:30க்கே தயாராக இருக்கட்டும். முடிகிற இடத்தில் எல்லோரும் கூடுவார்கள், ஆனால் தள்ளாட ஆரம்பிப்பது பெரும்பாலும் கடைசி மூன்று கிலோமீட்டரில்தான். அங்கே ஒரு சைக்கிள்காரரைச் சுற்றவிடுங்கள். ட்யூட்டி இல்லாத செவிலியர்கள் மூன்று பேரைக் கூட்டி வருகிறேன்.

வெள்ளிப்பட்டறை

படித்துக்கொண்டுதான் இருந்தேன். மூட்டை தூக்குகிற விஷயத்தில் நான் சொன்னதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை, அவன் உடம்பு வேறு. ஆனால் என் தம்பி மகனும் இந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம், அவன் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். ஐஸ் பார் மீன் மார்க்கெட்டுக்குப் போடுகிற ஆளிடம் சொல்லி முதல் நாள் ராத்திரியே எடுத்துத் தருகிறேன். உமி மூட்டைக்குள் வைத்தால் காலை வரை கரையாது. பட்டறையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும் இருக்கிறது, ஆள் உட்காரலாம். ஆசிட் தொட்டி இல்லை, பயப்படாதீர்கள், தண்ணீர் பிடித்து வைப்பது.

ஐந்துரோடு அப்பா

கொடியசைக்க வருகிறவர் 5:30க்கு வருவாரா?

மூக்கனேரிக்காரன்

5:20க்கு வரச் சொல்லியிருக்கிறோம், பார்க்கலாம் என்றார். வராவிட்டால் எங்கள் தெருவில் ஐந்து மணிக்கே குப்பை வண்டியோடு நிற்கிற தூய்மைப் பணியாளர் அக்கா அசைப்பார். அவரிடம் கேட்டாயிற்று, சரி என்றுவிட்டார். வெள்ளிப்பட்டறை சார், தொட்டியை எடுக்கச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குட்டியானை அனுப்புகிறேன், பட்டறை திறந்திருக்குமா?

வெள்ளிப்பட்டறை

எட்டு வரை இருப்பேன். தூக்க இரண்டு ஆள் சேர்த்து அனுப்புங்கள்.